ஆயிரம் ரூபாய்க்கு இரவும் பகலுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அது பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில் தண்டுவட மரப்பு நோயும் ஒன்று. மருத்துவர்கள் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்பது இதைத்தான். பராமரிப்பவர் யார் என்பதையும் அதே சட்டம் சொல்லிவிட்டது: கூலி பெற்றாலும் பெறாவிட்டாலும் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் எவரும், பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடக்கம். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்புப் படி தரும்படி 24-ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவு விளக்கமாக எழுதிய சட்டம், சேலத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய பனமரத்துப்பட்டிக்கு வந்து சேரும்போது மாதம் ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். தமிழக அரசு நோயாளிக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் 1500 ரூபாயிலிருந்து 2000 ரூபாயாக உயர்ந்தது. அதிக ஆதரவு தேவைப்படுபவர் என்று ஏற்கப்பட்டால் அவருடைய உதவியாளருக்காக இன்னும் 1000 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். மூன்று நாள் மண்வெட்டினால் கிடைக்கும் பணம்தான், முப்பது நாளும் முப்பது இரவும் ஒரு மனிதரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, காவல் இருப்பவருக்கு இந்த அரசு போட்ட விலை.

அந்த வேலை என்னவென்று கோப்பில் கையெழுத்திடுபவர்களுக்குத் தெரிகிறதா? நோய் முற்றியவருக்குக் கால்கள் விறைத்து இழுத்துக்கொள்ளும். நீவிவிட்டுத்தான் மடக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். சிறுநீர் தானாகப் பிரியாதவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கை கழுவி டியூப் போட வேண்டும். அதில் சுத்தம் தவறினால் கிருமித்தொற்று, தொற்று வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் நேற்றுவரை அசைந்த கையும் அசையாது. விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது புரையேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையே நோயாளியின் கோபத்தையும் அழுகையையும் மறதியையும் தாங்க வேண்டும்; அவையும் இந்த நோயின் பகுதிகளே.

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி மொட்டு பறிப்பது விடிவதற்கு முன் நடக்கிற வேலை. பூ காலையிலேயே சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். கணவரை இரவில் பலமுறை திருப்பிப் போட்ட ஒரு பெண் அந்த வேலைக்கு எப்படிப் போவாள்? போகாவிட்டால் அவள் கூலி போயிற்று. கணவருடைய சம்பாத்தியம் முன்பே போயிற்று. இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தாக்குவது. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. மருமகள் படுத்துவிட்டால் அந்தப் பாரம் வயதான மாமியாரின் தலையிலோ, பள்ளிக்கூடம் போகிற மகளின் தலையிலோ ஏறுகிறது. இந்த இழப்புகள் எந்த உதவித்தொகைக் கணக்கிலும் வருவதில்லை.

‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்ற நினைப்புதான் இதற்கெல்லாம் வேர். பிரிட்டன் 1976-இல் பராமரிப்பவர்களுக்கென்று தனி உதவித்தொகை கொண்டுவந்தபோது, திருமணமான பெண்களுக்கு அது கிடையாது என்று விதி வைத்தது. அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே என்பது வாதம். தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்பவர் தொடுத்த வழக்கில், அந்த விதி பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது; அரசும் பணிந்தது. அங்கே 40 ஆண்டுகளுக்கு முன் விழுந்த அந்த வாதம், இங்கே விதியாக எழுதப்படாமலே ஆட்சி செய்துகொண்டிருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். மாற்றுத்திறனாளிக்கான பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்பது வாசற்படி. எம்.எஸ். நோயோ ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பலருக்கு ஒரு மாதம் தாக்கும், பிறகு தணியும், மறுபடி தாக்கும். தணிந்திருக்கும் நாளில் சான்றிதழ் முகாமுக்கு நடந்து வந்தவருக்குப் போடப்படும் சதவீதம், அவர் படுக்கையில் விழும் நாளில் செல்லாக்காசு. வெயிலும் இவர்களுக்குப் பகை. உடம்பின் சூடு அரை டிகிரி கூடினாலே, இந்த நோயால் மேலுறை சிதைந்த நரம்பில் செய்தி தடுமாறும். பார்வை மங்கும், கால் துவளும். சேலத்துச் சித்திரை வெயிலில், சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் ஈரத்துணி போர்த்திப் படுத்திருப்பவரை, முகாம் என்ற பெயரில் வெட்டவெளியில் வரிசையில் நிற்கவைப்பது கொடுமை. நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை, சரி. அந்தப் பேருந்தின் படிக்கட்டில் அவரை ஏற்றுவது யார்? போதாக்குறைக்கு, சான்றிதழ் தருவதற்கு ஒரு மாதம் என்றிருந்த கெடுவை 2024 திருத்த விதிகளில் மத்திய அரசு மூன்று மாதமாக நீட்டியது.

இவ்வளவு பராமரிப்புக்கே தேவை வராமல் தடுக்க வழி இருக்கிறது என்பதுதான் ஆத்திரமூட்டுவது. எம்.எஸ். வந்த எல்லோரும் படுத்துவிடுவதில்லை. சீக்கிரமே கண்டறிந்து, தாக்குதலைத் தடுக்கும் மருந்தை விடாமல் கொடுத்தால், பலர் பல்லாண்டு நடந்து வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் இந்த நோய்க்கான மூன்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் ஒன்றான ரிட்டுக்சிமாப் 2007 முதல் நம் நாட்டிலேயே தயாராகிறது. இது வேண்டும்போது வாங்கிக்கொள்ளும் மருந்தில்லை. ஆண்டுக்கணக்கில் தவறாமல் ஏற்றவேண்டியது. மருத்துவமனையில் சேர்ந்தால் செலவை ஏற்கும் காப்பீட்டு ஏற்பாடுகளை மட்டும் நம்பி இதை விட்டுவைக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே உரிய தேதியில் இலவசமாகக் கிடைக்க உத்தரவாதம் தர வேண்டும். மருந்துக்காகச் சென்னைக்கு ரயிலேறும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது நாம் பாராட்டினோம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவது பெரிய காரியம்தான். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய்தணிப்புச் செவிலியர் என்ற ஏற்பாட்டில், கால் விறைத்தவரின் வீட்டுக்கு முறை எப்போது வரும்? 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்பு இயக்கத்தை 2008-இல் தன் கொள்கையாக்கி உள்ளாட்சிகளின் கையில் ஒப்படைத்தது கேரளம். பராமரிப்பவருக்கு அந்த மாநிலம் தருவது வெறும் 600 ரூபாய்தான், அதுவும் கண்டிக்கத்தக்கதே. ஆனால் செவிலியர் அங்கே வீட்டு வாசலுக்கு வருகிறார்.

ஆகவே மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஒருவர் மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளாமல் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். படுக்கையில் இருப்பவரை மருத்துவக் குழு வீட்டிலேயே வந்து பார்த்துச் சான்றளிக்கட்டும். நோய் கூடினால் புதிய விண்ணப்பமின்றி மறுமதிப்பீடு நடக்கட்டும். பராமரிப்பவர் தொகையை நூறு நாள் வேலையின் கூலியோடு இணைத்து, அது உயரும்போதெல்லாம் உயர்த்த வேண்டும். பணம் பராமரிப்பவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். அவருக்கும் காய்ச்சல் வரும், தாய்வீட்டில் சாவு விழும், முதுகு பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நாள்களில் நோயாளியைச் சில நாள் சேர்த்துக் கவனிக்க, பனமரத்துப்பட்டி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு படுக்கையும் இரவுப் பணிக்கு ஓர் உதவியாளரும் ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஓர் ஒதுக்கீடும் ஓர் அரசாணையும் போதும். அந்த அரசாணை எந்தத் தேதியில் வரும் என்பதை இரு துறைகளின் செயலாளர்களும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.