பாணி வேறு, தேவை வேறு

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்க நினைக்கும் பெற்றோருக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை, "உங்க குழந்தையோட லேர்னிங் ஸ்டைல் என்னன்னு பாருங்க" என்பதுதான். பார்த்துப் படிக்கும் பிள்ளை, கேட்டுப் படிக்கும் பிள்ளை, செய்து படிக்கும் பிள்ளை என மூன்று வகை உண்டு, பள்ளி எல்லோருக்கும் ஒரே விதமாக நடத்துவதால் பிள்ளை பின்தங்குகிறது, வகை அறிந்து வீட்டில் நடத்தினால் தேறிவிடும் என்கிறார்கள். வீட்டுக்கல்வியை ஆதரிப்பவள் நான். ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் கெடுதல் செய்கிறது.

இது நிரூபணமான அறிவியல் என்பது முதல் வாதம். 1992-ல் நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் அறிமுகப்படுத்திய 'வார்க்' வினாப்பட்டியல் இத்தகைய வகைப்பாட்டைப் பரப்பியது. உனக்கு எது பிடிக்கும் என்றுதான் அது கேட்கிறது. விருப்பம் எல்லோருக்கும் உண்டு. விரும்பிய வழியில் சொன்னால் கூடுதலாகப் பதியும் என்பது தனியாக நிரூபிக்க வேண்டிய செய்தி. அதற்கு ஒரே சோதனைதான் இருக்கிறது. 'பார்ப்பவர்'களில் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குப் பேச்சாகவும் பாடம் நடத்த வேண்டும். 'கேட்பவர்'களுக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. படத்தில் படித்த 'பார்ப்பவர்'களும் பேச்சில் படித்த 'கேட்பவர்'களும் முந்த வேண்டும். 2008-ல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை இந்த உரைகல்லில் உரசிப் பார்த்து, போதிய சான்று இல்லை என்றார்கள். அதற்கு முன் 2004-ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்ட் குழு இத்தகைய கற்றல் பாணி மாதிரிகளைத் தேடியபோது 71 கிடைத்தன. எதை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை வகைப்படுத்துவாள்?

உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. 1983-ல் அவர் முன்வைத்தது பன்முக அறிவுத்திறன் கோட்பாடு. அது கற்றல் பாணி அல்ல என்று அவரே எழுதிவிட்டார்.

'அவன் கேட்டுப் படிக்கிற பிள்ளை, வாசிக்கச் சொல்லி வதைக்காதீர்கள்' என்னும் அறிவுரைக்குத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பத்து வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். கதை சொன்னால் ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைப் பிரித்தால் 'கொக்கு' அவன் வாயில் 'கெக்கு' ஆகும்; 'கோபம்' 'கேபம்' ஆகும். முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்ததும் சொல்லிவிடுவான், பின்னால் நிற்கும் கால் விட்டுப்போகும். தமிழில் இது எளிதான இடமல்ல. ககரத்துக்குப் பிறகு ஒலிக்கும் உயிர், எழுத்தில் ககரத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் ஒரே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கிறது. டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கல். அது காதின் விருப்பமோ கண்ணின் சோம்பலோ அல்ல. அந்தப் பையனுக்கு ஒலிப் புத்தகத்தை மட்டும் கொடுத்து வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். பேச்சில் கெட்டிக்காரனாக வளர்ந்தான். பேருந்தின் பலகையை வாசிக்கத் தெரியவில்லை.

ஒலிப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவியலும் வரலாறும் அவன் வாசிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது, காதால் வரட்டும். அதோடு வாசிப்புப் பாடமும் தினமும் நடக்க வேண்டும், சிறிது சிறிதாக, வரிசையாக, சலிக்காமல். அமெரிக்காவில் 1930-களில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் வகுத்த முறை, பிள்ளை எழுத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, விரலால் எழுதுவதை ஒருசேரச் செய்யவைத்தது. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதிலும் கண், வாய், விரல் மூன்றும் சேர்ந்தே உழைத்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது இரண்டிலும் இல்லை.

எந்த வழியில் சொல்வது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. காவிரி ஓடும் வழிக்கு வரைபடம் வேண்டும். மிருதங்கச் சொற்கட்டை வாயால் சொல்லிக் கையால் வாசிக்க வேண்டும். 'பார்த்துப் படிக்கும்' பிள்ளைக்கும் வேறு வழி கிடையாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பட அட்டவணை உதவுகிறதே, அது பாணிதானே என்று கேட்பார்கள். சொன்ன சொல் காற்றோடு போய்விடும். சுவரில் ஒட்டிய பல் துலக்கும் படமும் தட்டுப் படமும் அங்கேயே இருக்கும். அடுத்து என்ன என்ற பதற்றம் அதனால் குறைகிறது. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி எப்படியோ அப்படி, இது தேவை. தேவைகள் மெய்யாகவே வேறுபடுகின்றன. அவற்றைக் கவனித்துக் கண்டறிய வேண்டும், பத்துக் கேள்வித் தாளால் முடியாது.

பள்ளியால் முடியாதது வீட்டில் முடியும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. வீட்டின் பலம் நேரம். ஒரே பாடத்தில் ஒரு மாதம் நிற்கலாம், பக்கத்துப் பெஞ்சுக்காரன் சிரிக்க மாட்டான். நிலை அறிந்து நடத்துவது பள்ளிக்கும் எட்டாததல்ல. 2022-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் எட்டிய நிலையை வைத்துத்தான் பிரித்தது. பாணியைக் கேட்கவில்லை. வீட்டில் தொடங்குபவர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்: எந்த எழுத்துவரை வருகிறது, எங்கே தடுமாறுகிறது?

கடைசியாக, 'பாணி தெரிந்தால் போதும், பரிசோதனை எதற்கு, பிள்ளைக்கு முத்திரை விழுமே' என்பது. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில், டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ம் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற தேர்வுச் சலுகைகள் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கும் இது பொருந்தும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதல் இயங்குகிறது. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். வாசிப்புத் தடுமாற்றம் தொடர்ந்தால் மூன்றாம் வகுப்பு வயதிலேயே மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யும் வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.