கல்லுடைப்பவர் பிள்ளைக்கு இயந்திர மனிதன் எதற்கு?



உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 'ரோபோ' எனப்படும் இயந்திர மனிதனைத் தம் கையாலேயே செய்து, போட்டிக்குக் கொண்டுபோகும் காலம் இது. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி 2016இல் இந்தியாவிலேயே நடந்தது. பத்திரிகைகளில் படம் வருகிறது. கழுத்தில் டை கட்டிய பிள்ளைகள் கோப்பையை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தப் படத்தில் சாமராஜநகர்க் குவாரியில் ஜாக்ஹாமர் பிடிப்பவரின் மகன் எங்கே? கரும்பு வெட்டுபவரின் மகள் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு பக்கமிருந்தும் பதில் வருகிறது. "கூலிக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்கிறார்கள் மேலே இருப்பவர்கள். "மிஷின் வந்துதானே நம் வேலை போயிற்று? அதையே நம் பிள்ளை செய்ய வேண்டுமா?" என்கிறார்கள் நம்மவர்கள். முதல் கேள்வி திமிரில் பிறந்தது. இரண்டாவது, பட்ட அடியில் பிறந்தது. இரண்டுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஜேசிபி வந்த அன்று எத்தனை மண்வெட்டிகள் மூலையில் சாய்ந்தன என்பது நமக்குத் தெரியும். அதை யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் விஷவாயுவில் மாண்டார்கள். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய நௌஷாத் என்ற ஆட்டோ ஓட்டுநரும் மாண்டார். நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள் இருவர். அவர்களுக்காக உயிர்விட்ட உள்ளூர்த் தோழர் ஒருவர். இந்தச் சாவு கேரளத்தில் சில பொறியியல் மாணவர்களின் மனத்தை உறுத்தியது. குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் 'பாண்டிகூட்' என்ற இயந்திரத்தை அவர்கள் உருவாக்கினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. முன்பு குழியில் இறங்கியவர்களுக்கே அதை இயக்கும் பயிற்சியும் கொடுக்கப்பட்டது.

மிஷின் ஒன்றுதான். முதலாளி நினைத்தால் அது கூலியைக் குறைக்கும். தொழிலாளியின் வலி தெரிந்தவன் நினைத்தால் அது உயிரைக் காக்கும். ஆகவே இயந்திரத்தைச் செய்கிற கூட்டத்தில் நம் பிள்ளையும் இருந்தே தீர வேண்டும்.

நம் மாவட்டத்தின் கருங்கல் கடல் கடந்து போகிறது. வெளிநாட்டுக் கல்லறைகளில் பளபளவென்று நிற்கிறது. அதை வெட்டியவன் எங்கே கிடக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. 2022 மார்ச்சில் குண்டலுபேட்டை தாலுகா மடஹள்ளிக் குவாரியில் பாறை சரிந்து, பிழைக்க வந்த தொழிலாளர்கள் மாண்டதை மறக்க முடியுமா? பாறையில் விரிசல் ஓர் அங்குலம் கூடினால் ஊளையிட்டு எச்சரிக்கும் கருவி, வேட்டு வைத்த பின் வெடிக்காமல் கிடக்கும் மருந்தை மனிதனுக்கு முன்னே போய்ப் பார்க்கும் சிறு வண்டி: போட்டிக்கு இவற்றைவிட நல்ல பொருள் வேண்டுமா? இந்த யோசனை குளிரூட்டிய வகுப்பறையில் எளிதில் பிறக்காது. அப்பா மாலையில் வீடு திரும்புவாரா என்று வாசலைப் பார்த்து நின்ற பிள்ளைக்குத்தான் தோன்றும்.

"பணம் வேண்டுமே?" என்பீர்கள். கடையில் விற்கும் வெளிநாட்டு ரோபோப் பெட்டி பல்லாயிரம் ரூபாய்தான். ஆனால் ரோபோவின் உடம்பில் இருப்பவை மூன்றே உறுப்புகள்: பார்க்கவும் தொட்டறியவும் ஒரு சென்சார், யோசிக்க ஒரு சிறு போர்டு, நகர ஒரு மோட்டார். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக 'ஆர்டுயினோ' என்ற போர்டைச் செய்தார்கள். யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று அதன் வரைபடத்தையும் வெளியிட்டார்கள். அதனால் அந்த மாதிரிப் போர்டு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் உடைந்த பொம்மைக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள் நால்வர் இருந்தார்கள். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். குடியிருக்க முறையான காகிதம் இல்லாதவர்கள். கார்ல் ஹேடன் என்ற உயர்நிலைப் பள்ளியில் படித்த இவர்கள், இரண்டு ஆசிரியர்களின் துணையோடு, தண்ணீருக்கடியில் இயங்கும் ரோபோ ஒன்றைப் பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டிச் செய்தார்கள். பசை நாற்றம் தாளாமல் அதற்கு 'நாற்றம் பிடித்தவன்' என்றே பெயர் வைத்தார்கள். போட்டி ஊரில் உள்ளே நீர் கசிந்தபோது, பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் வைத்துக்கொள்ளும் பஞ்சை வாங்கி அடைத்துச் சமாளித்தார்கள். 2004இல் நடந்த அந்தப் போட்டியில் அவர்கள் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? எண்ணெய்க் கம்பெனியின் பணஉதவியோடு வந்த எம்.ஐ.டி. என்ற உலகப் புகழ்பெற்ற கல்லூரியின் அணியை!

கதை இத்தோடு முடிந்திருந்தால் சினிமாவாகப் போயிருக்கும். 2015இல் சினிமாவும் வந்தது. ஆனால் 2006இல் அதே அரிசோனா, காகிதமில்லாத மாணவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரிக் கட்டணச் சலுகை கிடையாது என்று வாக்கெடுப்பில் முடிவுசெய்தது. நால்வரில் ஒருவர் கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரியை விட்டார். இருவர் சமையல் தொழிலுக்குப் போனார்கள். கோப்பை வந்தது, கதவு திறக்கவில்லை. திறமை மட்டும் போதாது, உரிமையும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

நம் நிலைமை என்ன? நம் பிள்ளைகள் இந்த நாட்டுக் குடிமக்கள். மாநில எல்லையைத் தாண்டியதால் குடியுரிமை குறைந்துவிடாது. அந்த எல்லையும் ஆதிகாலத்துக் கோடன்று. 1956 வரை கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டத்தின் காவல் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில்தான் நம் பிள்ளை நழுவுகிறான். ரோபோப் போட்டி சூடுபிடிப்பதும் அந்த வயதில்தான்!

மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் திட்டத்தில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் கருவிகளைத் தொட்டுப் பழகச் செய்முறைக்கூடம் அமைக்கிறார்கள். பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். நாடெங்கும் சுமார் 10,000 கூடங்கள். ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அறிவிப்பை வரவேற்கிறோம். ஆனால் கூடம் கட்டினால் போதாது. அதன் சாவி எங்கே தொங்குகிறது என்பதே கேள்வி. அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் திறக்கும் கூடம் கண்காட்சிச் சாலையே தவிர கல்விச் சாலை ஆகாது.

ஆகவே நாம் கேட்கிறோம்: புதிய கூடங்களில் நம் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு உரிய பங்கு வேண்டும். பள்ளி விட்ட பிறகும் கூடம் திறந்திருக்க வேண்டும். "இவர்கள் நடு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள்" என்று சொல்லி நம் பிள்ளைகளின் பெயரை அணியிலிருந்து அடிக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குச் சமபங்கு வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலும் மாற்றுச் சான்றிதழைக் காரணம் காட்டிக் கதவடைக்கக் கூடாது.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 14 வயது ஆனதும் பிள்ளையைக் குவாரிக்குக் கூட்டிப்போகும் பழக்கத்தை நாம்தான் நிறுத்த வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சுரங்க வேலையில் வைப்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி குற்றமும்கூட. நம் சங்கத்தில் வெல்டர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் இருக்கிறார். ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய ரேடியோ, உடைந்த பொம்மை, பழுதான மின்விசிறி எதையும் காயலான் கடைக்குப் போடாமல் கொண்டுவாருங்கள். கன்னடத் தோழர்களின் பிள்ளைகளையும், மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் சோலிகர் பிள்ளைகளையும் கூடவே உட்கார வையுங்கள். திருகாணிக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. சரியாக முடுக்கினால் நிற்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும்.

கோப்பை வந்தால் மகிழ்வோம். வராவிட்டாலும் கவலையில்லை. பாறை விரிசலைக் கண்டு ஊளையிடும் அந்தச் சிறு கருவி ஒரே ஒரு தொழிலாளியை மாலையில் வீடு சேர்த்தால் போதும். அதைவிடப் பெரிய பரிசு எந்த மேடையிலும் இல்லை.