வெள்ளைப் புடவையில் ஒரு மங்கலக் குரல்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி மலை கொள்ளாத கூட்டம். தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் காவடி தூக்கி வருகிறார்கள். 365 படிகள் ஏறி முருகனைக் கும்பிடுகிறார்கள்.

முருகன் திருவிழா என்றால் ஒலிபெருக்கி உண்டு. ஒலிபெருக்கி என்றால், கே. பி. சுந்தராம்பாளின் பாட்டும் உண்டு.

"சினிமாப் பாட்டில் பக்தி ஏது? அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய மலையில் இது தகுமா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

தகும் என்பதே என் எண்ணம். அந்த அம்மையாரின் வாழ்க்கையைப் பாருங்கள்.

25 வயதில்...

கொடுமுடியில் 1908-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், சுந்தராம்பாள். நாடக மேடையில் பாடிப் புகழ் பெற்றார். பாட்டில் இணையற்ற எஸ். ஜி. கிட்டப்பாவைக் கைப்பிடித்தார்.

1933-ம் ஆண்டு கிட்டப்பா காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அவர் வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நெற்றி நிறையத் திருநீறு. கடைசி வரை அதே கோலம்தான்.

ஆனால், அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை!

1935-ல் "நந்தனார்" படத்தில் ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! 1953-ல் "ஔவையார்" வந்தது. எழுத்தறியாதவர்களும் அதைப் பார்த்து ஔவையின் அறிவுரையைக் கேட்டார்கள். 1965-ல் "திருவிளையாடல்" படத்தில், பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தப் பாடினார். 1969-ல் வந்த "துணைவன்" படப் பாட்டுக்குத் தேசிய விருது பெற்றார். 1980-ல் காலமானார்.

தணிக்கும் பாட்டு

முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பது ஐதீகம். கேட்பவர் மனக் கொதிப்பைத் தணிக்கும் பாட்டு எதுவோ, அதுவே பக்திப் பாட்டு. அது கோவிலில் பிறந்ததா, ஸ்டுடியோவில் பிறந்ததா என்று பார்க்க வேண்டாம். தன் துயரத்தையே பாட்டாக்கி, ஊரார் துயரத்தை ஆற்றியவர், அந்த அம்மையார்.

ஒரு கேள்வி

விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று சொன்ன நாடு இது. அதே நாடு, ஒரு விதவையின் குரலைக் கேட்டு முருகனைக் கும்பிடுகிறது!

ஆனால், வீட்டில் என்ன நடக்கிறது?

கல்யாண மண்டபத்தில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டு வருகிறது. கணவனை இழந்த அத்தையைத் தாண்டி அது போய்விடுகிறது. சில இடங்களில், பெற்ற தாயே தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். வாசலில் சுந்தராம்பாளின் பாட்டு. உள்ளே இந்த அவமானம்! இரண்டும் ஒத்துப்போகுமா?

பாட்டைப் போடுங்கள், நல்லதுதான். அடுத்த கல்யாணத்தில் அந்தத் தட்டை அத்தையிடமும் நீட்டுங்கள். அப்பொழுதுதான், அந்தப் பாட்டை நாம் காது கொடுத்துக் கேட்டோம் என்று அர்த்தம்.