முதலில் சுட்டவன் யார்?

1977இல் வெளியான 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில், மதுச்சாலையில் துப்பாக்கி முனையில் தன்னை மறித்த கிரீடோவை ஹான் சோலோ சுட்டுக் கொல்கிறான். 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலோ கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான். அதன் பின்னரே ஹான் சுடுகிறான். இந்த ஒரு கணத்துக்காக இரசிகர்கள் இத்தனை காலம் மல்லுக்கட்டுவதைப் பைத்தியக்காரத்தனம் என்று நகைப்போர் பலர். நான் இரசிகர் பக்கமே நிற்கின்றேன்.

தன்னலம் மிக்க கடத்தல்காரனொருவன் இறுதியில் நண்பர்களுக்காகத் திரும்பி வருவதே ஹானின் கதை. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கினால், பின்னர் மனம் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

படைத்தவனுக்குத் திருத்தும் உரிமை இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. மூலத்தை மறைக்கும் உரிமைதான் இல்லை. பழைய படங்களுக்கு வர்ணம் பூசி உருமாற்றுவதை 1988இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன் கண்டித்தவர் இதே ஜோர்ஜ் லூக்காஸ்தான். அன்று அவர் எதிர்த்தது பிறர் கைவைப்பதையே எனலாம். பார்த்தவனின் நினைவுக்கு அந்த வேறுபாடு ஏது? 2006இல் மூலப் பதிப்பு இறுவட்டில் வந்தபோதும், தரங்குறைந்த பிரதியாக, வெறும் இணைப்பாகவே வந்தது.

பத்திரிகையில் நாங்களும் பிழை விட்டிருக்கிறோம். மறுநாள் 'திருத்தம்' எனப் பிரசுரித்து வருந்தினோம். நேற்றைய இதழை மாற்றி அச்சிட்டு நூலகத்தில் வைக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அதற்குப் பெயர் திருத்தமன்று, புரட்டு.