கண்ணாடிச் சுவர் யாருக்கு?

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. சுவருக்கும் காது உண்டு என்றும் அவர்கள் எச்சரித்து வைத்தார்கள். அவர்கள் அஞ்சியது அடுத்த வீட்டாரின் காதுக்கு. அந்தக் காது அரசாங்கத்தின் காதாகிவிட்டால் வாழ்க்கை என்னவாகும் என்று எண்ணிப் பார்த்த எழுத்தாளர்கள் சிலர் இருபதாம் நூற்றாண்டில் தோன்றினர். அவர்கள் படைத்த கற்பனை நாடுகளையும் இன்றைய அரசுகளின் ஆற்றலையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வொப்பீட்டில் இரு சாராரைக் காண்கிறோம். "ஆர்வெல் எழுதியது அப்படியே பலித்துவிட்டது, நாமெல்லாம் அடிமைகள்" என்பார் ஒரு சாரார். "அதெல்லாம் வெறுங்கதை, மடியில் கனமில்லையென்றால் வழியில் பயம் எதற்கு?" என்பார் மறு சாரார். இவ்விருவர் கூற்றையும் நான் ஏற்பதற்கில்லை. காரணத்தைக் கூறுகிறேன்.

கற்பனையில் கண்ட நாடுகள்

ருஷ்ய எழுத்தாளர் எவ்கெனி சமியாத்தின் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் 'நாம்' என்னும் நாவலை எழுதினார். அதில் வரும் மக்களுக்குப் பெயர்கள் இல்லை, எண்கள்தாம் உண்டு. கதையைச் சொல்பவனே டி-503 என்பவன்தான். அவர்கள் வாழும் வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. திரையை இறக்கிவிட்டுக் கொள்வதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்! 1924-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வெளிவந்த அந்நூல், எழுதியவரின் சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்நூலைப் படித்து 1946-இல் மதிப்புரை எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். அவர் பிறந்தது 1903-இல், நம் நாட்டுப் பீகாரில் உள்ள மோத்திஹாரியில். 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேய ஆட்சியின் போலீஸ் அதிகாரியாகப் பணியாற்றினார். அதிகாரம் மக்களை எப்படிப் பார்க்கிறது என்பதை அவர் சீருடை அணிந்து உள்ளிருந்தே கண்டவர். 1949-இல் வெளிவந்த அவரது '1984' நாவலில் ஒவ்வொரு கட்சி ஊழியனின் வீட்டுச் சுவரிலும் ஒரு தொலைத்திரை இருக்கிறது. அது பேசும், அதோடு பார்க்கும், கேட்கும். கதைத் தலைவன் வின்ஸ்டன் ஸ்மித் அத்திரையின் பார்வை படாத ஒரு மூலையில் ஒதுங்கி நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். நாட்குறிப்பு எழுதுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றமா? குற்றமில்லை, ஏனெனில் அங்கே சட்டமே கிடையாது. ஆனால் பிடிபட்டால் தண்டனை மட்டும் நிச்சயம்.

இவ்விடத்தை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். பலரும் தொலைத்திரையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதை மறந்துவிடுகின்றனர். அந்நாட்டு மக்கள் பெரியண்ணனின் படத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆளைப் பார்த்தவர் இல்லை. நேற்றைய செய்தித்தாளை இன்று திருத்தி அச்சிடுவதற்கென்றே ஓர் அமைச்சகம் இருக்கிறது. அங்கே வழக்காட மன்றம் இல்லை. சான்று காட்டப் பழைய ஏடும் இல்லை. ஆக, அரசு எல்லாரையும் பார்க்கிறது. அரசை எவரும் பார்க்க முடியவில்லை. குடிகளுக்குக் கண்ணாடிச் சுவர், அரசுக்குக் கருங்கற் சுவர்! கொடுங்கோன்மைக்கு இலக்கணம் இதுவே என்பது என் கருத்து.

நடந்தே முடிந்த கதை

இது கற்பனையோடு நின்றுவிடவில்லை. கிழக்கு ஜெர்மனியில் 1950-இல் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் ஒன்று நிறுவப்பட்டது. 'ஸ்டாஸி' என்று உலகம் அதனை அழைத்தது. சுமார் 1.6 கோடி மக்களே வாழ்ந்த அந்நாட்டில், 1989-இல் அதன் முழுநேர ஊழியர்கள் ஏறத்தாழ 91,000 பேர். இரகசியமாகத் தகவல் தந்தவர்கள் 1,70,000-க்கும் மேற்பட்டோர். அங்கே சுவர்தோறும் தொலைத்திரை தேவைப்படவில்லை. பக்கத்து மேசைக்காரனும் பால்ய நண்பனுமே அந்த வேலையைச் செய்தார்கள்.

1990 ஜனவரி 15 அன்று பெர்லின் நகரில் மக்கள் அவ்வமைச்சகத்தின் தலைமையகத்துக்குள் புகுந்தனர். 1992 முதல் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பைத் தாமே படித்துப் பார்க்கும் உரிமை பெற்றனர். அடுக்கி வைத்தால் 111 கிலோமீட்டர் நீளும் கோப்புகள் அவை! தன்னைக் காட்டிக் கொடுத்தவர் கட்டிய கணவரே என்று கோப்பைப் படித்து அறிந்த பெண்ணும் உண்டு. துயரந்தான். ஆயினும் கருங்கற் சுவர் அன்று கண்ணாடியாயிற்று.

மக்களாட்சி நாடுகளில் இந்த அச்சம் இல்லையா? ஆர்வெல் கண்ட தொலைத்திரையை அரசு மாட்டி வைத்தது. நாமோ கைப்பேசியைக் காசு கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் சுமக்கிறோம். அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்கள் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் தொலைபேசியில் பேசினார்கள் என்னும் பதிவுகளை அந்நாட்டு அரசு மொத்தமாகத் திரட்டி வந்ததை, 2013-இல் எட்வர்ட் ஸ்நோடன் வெளிப்படுத்தினார். "பேச்சைக் கேட்கவில்லை, எண்களைத்தான் குறித்துக்கொண்டோம்" என்பது அரசு தந்த சமாதானம். ஒருவர் நள்ளிரவில் மருத்துவரை அழைத்தார், மறுநாள் வழக்கறிஞரை அழைத்தார் என்று தெரிந்தபின் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டுமோ? 2015-இல் புதுச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. தவறு நடந்தது, அதைக் கேட்க இடமும் இருந்தது. கற்பனை நாட்டுக்கும் மக்களாட்சிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இது சிறிய வேறுபாடன்று.

நம் நாட்டின் நிலை

மடியில் கனமில்லாதவனுக்குப் பயமில்லை என்போர் கரக் சிங் என்பவரின் வழக்கைப் படிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் மீது 1941-இல் கொள்ளை வழக்கு ஒன்று வந்தது. சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டார். ஆனால் போலீசார் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்துவிட்டனர். நள்ளிரவில் காவலர்கள் வந்து கதவைத் தட்டி எழுப்புவார்கள். அவர் வெளியூர் சென்றால் அங்கும் தகவல் போகும். அவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பது செல்லாது என்று 1962 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தரும் உரிமையன்று எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்.

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. காரணமின்றிச் சிறைப்பட்டவரும் நீதிமன்றம் செல்ல இயலாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றமே கூறியது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். நாம் கற்பனை நாட்டின் வாசல் வரை சென்று திரும்பிய காலம் அது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். 1962-இன் கருத்தும் 1976-இன் தீர்ப்பும் ஒருங்கே வீழ்ந்தன. 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் தீர்ப்பைத் தவறென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்! தந்தையின் தீர்ப்பையே மகன் திருத்தலாம் என்னும் நாடு ஆர்வெலின் நாடாகுமா?

அதற்காக நிம்மதியாக உறங்கிவிடலாமா? கூடாது. ஒருவரது தொலைபேசியை ஒட்டுக் கேட்க உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும் என்றும், அதனை ஒரு குழு மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும் 1996-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் ஆணையிடுபவரும் அதிகாரி, ஆய்வோரும் அதிகாரிகள். இடையில் நீதிபதி இல்லை. கேட்கப்பட்டவருக்கு அது ஒருநாளும் தெரிவதில்லை. தனிநபர் விவரங்களைக் காக்க 2023-இல் வந்த சட்டமோ, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அரசின் அமைப்புகளுக்கே விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. வேலி போடுகிறவரே தமக்கு மட்டும் ஒரு சந்து விட்டுக்கொள்வது முறையா?

வள்ளுவர் காட்டும் வழி

அரசுக்கு ஒற்றே வேண்டாம் என்று நான் கூறவில்லை. 1998-இல் கோவையில் குண்டுகள் வெடித்தன. 2008-இல் மும்பைக்குள் கொலைகாரர்கள் புகுந்தனர். முன்னரே அறிந்து தடுக்கும் கண் அரசுக்கு இன்றியமையாதது. வள்ளுவப் பெருந்தகையும் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் அவர் ஒற்றை மட்டும் மன்னனின் கண்ணாகச் சொல்லவில்லை. நீதிநூலையும் உடன் சேர்த்து இரண்டு கண்கள் என்றார். ஒற்றால் அறியப்பட வேண்டியவர்களின் வரிசையில் அரசின் பணியாளர்களையும் வைத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் சொன்னார். நூல் என்னும் கண்ணை மூடிக்கொண்டு ஒற்று என்னும் கண்ணால் மட்டும் பார்க்கும் அரசு, ஒற்றைக்கண் அரசேயன்றோ?

எனவே அரசு புதிதாக ஒரு கண்ணைத் திறக்கும் போதெல்லாம் நாம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இதற்குச் சட்டம் உண்டா? அரசுக்கு வெளியே நின்று இதைச் சரிபார்ப்பவர் உண்டா? தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அது தெரிய வருமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் அது காவல். இல்லையேல் அது வேவு.

அரசுக் கல்லூரியின் ஆண்டு மலரில், அரசைப் பற்றி இவற்றையெல்லாம் எழுத முடிகிறது. 2005-இன் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் பத்து ரூபாய் கட்டி அரசுக் கோப்பைக் கேட்க முடிகிறது. இவை நம் கையில் உள்ள விளக்குகள். பயன்படுத்தாத விளக்கு நாளடைவில் துருப்பிடித்துப் போகும். படித்த இளைஞர்கள் அதற்கு இடங்கொடுத்தல் ஆகாது. கண்ணாடிச் சுவர் வேண்டியதுதான்; ஆனால் அது அரசு அலுவலகத்துக்கு வேண்டும். குடிமகனின் வீட்டுக்கு மண்சுவரே போதும், அதன் கதவை உள்ளே தாழிடும் உரிமை மட்டும் அவனிடம் இருக்கட்டும்!