வைத்தியர் கடவுளுமல்ல! சாவு தலைவிதியுமல்ல!

நமது நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் பிணமாகத் திரும்பி வந்தால் அதற்கு இரண்டு விதமான முடிவுகள்தான் உண்டு. ஒன்று, "அவனுக்கு எழுதினது அவ்வளவுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு எரித்துவிட்டு வருவது. மற்றொன்று, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைத்து, டாக்டரை அடிப்பது. முன்னது பக்திமான்கள் வழி; பின்னது கோபக்காரர்கள் வழி. இந்த இரண்டிலும் அறிவுக்குச் சிறிதாவது வேலை இருக்கிறதா என்று கேட்கிறோம்.

சிமெண்ட் ஆலையிலும், பட்டாசு, தீப்பெட்டித் தொழிலிலும், மானாவாரிக் காட்டிலும் பாடுபடும் ஜனங்கள் நிறைந்த ஆலங்குளம் பக்கத்தில், தாலியை அடகு வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கும், சிவகாசிக்கும், மதுரைக்கும் வைத்தியத்துக்காக ஓடாத குடும்பம் அபூர்வம். அப்படி ஓடியவர்கள் ஏமாற்றமோ கேடோ அடைந்து, டாக்டர் மீது பிராது செய்யலாமா என்று யோசிக்கும்போது, முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாம் வைத்திய சாஸ்திரத்துக்கு விரோதிகளல்ல. வைசூரி கண்டால் மாரியாத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றிப் பிள்ளைகளைச் சாகக் கொடுத்த நாடு இது. 1796ல் ஜென்னர் என்ற ஆங்கிலேய வைத்தியர் காட்டிய அம்மைப்பால் வழியிலேயே போய், வைசூரி உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. வேப்பிலை செய்யாததை ஊசி செய்தது. ஆகவே டாக்டரிடம் போகாதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. சாமியையே கேள்வி கேட்கத் துணிந்தவன், சம்பளம் வாங்கும் டாக்டரைக் கேள்வி கேட்கப் பயப்படுவானேன் என்றுதான் கேட்கிறோம்.

நம் பக்கத்துச் சாத்தூரிலே நடந்ததைப் பாருங்கள். 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் குறைவு என்று சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரி இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக வேறிடத்தில் சோதனை செய்துகொண்டு, தமக்கு நோய் இருப்பதை அறிந்து, தாமே தெரிவித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குள் இரத்தம் அந்த அம்மாளின் உடம்பில் ஏறிவிட்டது. இது எந்தப் பிரம்மா எழுதின எழுத்து? எந்த ஜன்மத்து வினை? சோதிக்க வேண்டியதை ஒழுங்காகச் சோதிக்காத வினையல்லவா! விஷயம் மதுரை ஐக்கோர்ட்டுக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி 2019ல் சர்க்காருக்கு உத்தரவாயிற்று. தலைவிதி என்று வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு காசாவது வந்திருக்குமா?

நிற்க, இதைப் படித்துவிட்டு, கெடுதி நேர்ந்த இடமெல்லாம் டாக்டர் குற்றவாளி என்று நினைத்துவிடக்கூடாது. நோய் குணமாகாததாலேயே டாக்டர் தப்புச் செய்தார் என்றாகிவிடாது. சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒரு டாக்டர் அந்த நிலைமையில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, செய்யக்கூடாததைச் செய்தாரா என்பதே கேள்வி என்று 2005ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருதயம் நின்று போனவரைப் பிழைக்க வைக்க முயன்று முடியாமற்போனால் அது அலட்சியமாகாது. வயிற்றுக்குள் கத்திரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டால் அது அலட்சியமே; அதற்கு இன்னொரு டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டிய அவசியங்கூட இல்லை. ஆனால் இப்படிப் பட்டவர்த்தனமாகத் தெரியாத விஷயங்களில், அந்தத் துறையறிந்த வேறொரு டாக்டரிடம் காகிதங்களைக் காட்டி, "இதில் தப்பு உண்டா?" என்று கேட்டுக்கொள்ளாமல் கோர்ட்டுப் படி ஏறுவது வீண் செலவேயாகும்.

அந்தக் காகிதங்கள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கோர்ட்டில் அழுகை சாட்சியாகாது, காகிதமே சாட்சி. நோயாளியோ அவரைச் சேர்ந்தவரோ எழுதிக் கேட்டால், சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கு 2002ல் ஏற்பட்ட விதி. உள்ளே படுத்திருந்தவருடைய குறிப்புகளை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதி. சர்க்கார் ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். வாயால் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டு, ரசீது, சோதனை முடிவு இவைகளை மளிகைக் கணக்கைப் போல் எறிந்துவிடக்கூடாது.

இங்கேதான் மூடநம்பிக்கை நம்மை இன்னொரு முறை ஏமாற்றுகிறது. சாவில் சந்தேகம் இருந்தால் போலீசில் எழுதிக் கொடுத்துப் பிரேத பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். நம்மவர்களோ, "பிணத்தை அறுத்தால் ஆத்மா சாந்தியடையாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்" என்று அவசர அவசரமாக எரித்துவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வக்கீலைத் தேடுகிறார்கள். சாட்சியைச் சாம்பலாக்கிவிட்டு நியாயம் கேட்டால் எந்த ஜட்ஜால் கொடுக்க முடியும்?

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு முன் நீட்டும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக்கூடாது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அவளுடைய தாயாரிடம் மாத்திரம் சம்மதம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டது தப்பு என்று 2008ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. உடனே செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்ற நிலைமை வேறு. மற்றப்படி வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவளே சொந்தக்காரி. தாயுமல்ல, தகப்பனுமல்ல, புருஷனுமல்ல. நமது இயக்கம் வெகுகாலமாகச் சொல்லி வருவதை இப்போது கோர்ட்டும் சொல்கிறது.

இனி எங்கே போவது என்பது. பணம் கொடுத்துச் செய்துகொண்ட வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995லேயே முடிவாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் மூலம் பணம் போனாலும் அப்படியே. சம்பளத்தில் பிடித்தம் செய்கிறபடியால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இலவசமல்ல என்று 2007ல் தீர்ப்பாயிற்று. ஆலைத் தொழிலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கெடுதி நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள் பிராது கொடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் பிராதுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே நின்று பேசலாம். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரியானால் இந்த வழி இல்லை. சிவில் கோர்ட்டுக்கோ, சாத்தூர் விஷயத்தைப் போல் ஐக்கோர்ட்டுக்கோ போக வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. டாக்டர் ஒழுங்கு தவறினார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். அது அவருடைய பதிவை நிறுத்தி வைக்கலாமே தவிர நமக்குப் பணம் வாங்கிக் கொடுக்காது.

டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆத்திரப்படுவோர் ஒன்றை அறிய வேண்டும். கிரிமினல் வழக்குக்குச் சாதாரணத் தவறு போதாது. மிகப் பெரிய அலட்சியம் ருஜுவாக வேண்டும். ஆஸ்பத்திரியில் கல்லெறிந்தாலோ, நமது பிள்ளைகளே 2008ஆம் வருஷச் சட்டப்படி ஜெயிலுக்குப் போவார்கள். இடையில் புகுந்து "பத்து, இருபது வாங்கித் தருகிறேன்" என்று பேரம் பேசிப் பாதியை விழுங்கும் கட்டப் பஞ்சாயத்துப் பெரிய மனிதர்களையும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். கோவில் வாசலில் புரோகிதத் தரகன் வேண்டாம் என்றவர்கள், பிணத்தின் பக்கத்தில் மாத்திரம் தரகனை அனுமதிக்கலாமா?

பொறுமையும் வேண்டும். 1996ல் சென்னை எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாதம் நிறையாமல் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அத்தகைய குழந்தைகளுக்குக் கண் சோதனை அவசியம். அதைச் செய்யவுமில்லை, செய்துகொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லவுமில்லை. குழந்தைக்குக் கண் போயிற்று. தகப்பனார் விடாமல் போராடினார். 2015ல் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. அதற்குள் அந்தக் குழந்தைக்கு வயது 18 ஆகிவிட்டது. பணத்தால் பார்வை திரும்பவில்லை. ஆனால் குறைமாதத்துக் குழந்தையின் கண்ணைப் பார்க்காமல் அனுப்பிவிடுகிற ஆஸ்பத்திரி எதுவும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை இனி மறக்க முடியாது. ஒருவர் கேட்ட கேள்வி ஆயிரம் குழந்தைகளுக்குக் காவலாகிறது. பிராதின் பெரிய பலன் இதுதான்.

தோழர்களே! ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக நம்மவர்களுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. அதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அதற்கு வழி தெரிந்தவர் எத்தனை பேர்? தேர்வடம் பிடிக்கத் தெரிந்த கை, ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதிக் கொண்டுபோகவும் கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரை நம்புங்கள், ஆனால் கேளுங்கள். தப்பில்லையென்று தெரிந்தால் கைகூப்பிவிட்டு வாருங்கள். தப்பென்று தெரிந்தால், தலைவிதியின் மேல் பழியைப் போட்டுக் குற்றவாளியைத் தப்பவிடாதீர்கள்!