கண்ணடி ஊசி அழகுக்கலை அல்ல

கண்ணுக்குக் கீழே விழும் குழியை ‘ஃபில்லர்’ ஊசியால் நிரப்புவதை, பேஷியல் செய்துகொள்வது போல விளம்பரம் செய்கிறார்கள். அரை மணி நேர வேலை, மறுநாளே அலுவலகம் போகலாம் என்கிறார்கள். பார்வை பறிபோகக்கூடும் என்பதை அந்த விளம்பரங்களில் காணோம்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலக் கூழ். கண்ணடித் தோல் மிக மெல்லியது. கூழ் மேலாக இறங்கினால் நீலம் பாரித்துத் தெரியும்; நீரை இழுத்து மாதக்கணக்கில் வீங்கியும் கிடக்கும். இதையெல்லாம் ஹயலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். ரத்தக்குழாய்க்குள் புகுந்தால்தான் பேராபத்து. மூக்கோரத்திலும் கண்ணைச் சுற்றியும் ஓடும் தமனிகள், கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியோடு இணைந்தவை. ஊசியின் அழுத்தத்தில் கூழ் எதிர்த்திசையில் ஏறி விழித்திரைத் தமனியை அடைத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே விழித்திரை மீட்க முடியாதபடி சேதமடையலாம். பிறகு எந்த மருத்துவமனைக்கு ஓடியும் பயனில்லை.

இது அரிதாகவே நடக்கிறது, உண்மைதான். ஆனால் நடக்கும் அந்த நிமிடத்தில் ஊசி போட்டவருக்கு அதை அடையாளம் காணத் தெரிய வேண்டும். நொதி கைவசம் இருக்க வேண்டும். சில நாள் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

இங்கிலாந்தைப் பாருங்கள். ஃபில்லர் துறை வெடிக்கக் காத்திருக்கும் நெருக்கடி என்று 2013-லேயே மருத்துவர் புரூஸ் கீயோ தலைமையிலான ஆய்வு எச்சரித்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊசி போடுவதைத் தடுக்கவே 2021 ஆனது. உரிமமுறை கொண்டுவரும் அதிகாரத்தை 2022-ல் சட்டம் தந்தது; அதன் பிறகும் கலந்தாய்வு, அறிவிப்பு என்றே காலம் ஓடியது.

நாம் அப்படிக் காத்திருக்கக் கூடாது. யூடியூப் பார்த்துக் கற்றது அழகியல் சிகிச்சைக்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் கூறிவிட்டது. மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ம் ஆண்டுச் சட்டம் தமிழகத்தில் இருக்கிறது. ஊசி போடும் அழகுநிலையம் எதுவானாலும் அதை மருத்துவமனையாகவே கருதி அரசு சோதனையிட வேண்டும். மருத்துவர் இல்லையென்றால் மூட வேண்டும்.

ஊசிக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்களின் கருவளையம் பலருக்கு நிறமியால் வருவது. குழியை நிரப்பினாலும் அந்தக் கருமை போகாது. முதலில் தோல் மருத்துவரிடம் காரணத்தைக் கேளுங்கள். அதன் பிறகும் ஊசிதான் என்றால், போடப்போகிறவரின் மருத்துவப் பதிவு எண்ணையும், கரைக்கும் நொதி அறையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.